குழாய்க்கு இந்தப் பக்கம்

வரமாட்டா. அவ எங்க வரப்போறா, ரெண்டு தெரு நடந்தாலே முட்டி பிடிச்சுக்குதுன்னு யார் வீட்டுப் படியிலயாவது உக்காந்துடறவ, இந்தக் கடற்கரை வரைக்கும் வெயில்ல வந்து, கியூவுல நின்னு, செம்புக் குழாய்க்குள்ள தலையை விட்டுப் பேசப் போறாளா என்னன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டே மிமிக்ரி சவரிநாதன் ஹெட்போனை எடுத்து ஒரு காதுல மட்டும் மாட்டினான். ரெண்டு காதுலயும் மாட்டினா தன்னோட மூச்சு தனக்கே கேக்குது, அது அவனுக்கு ஆகறதில்ல, யாரோ பின்னால வந்து நிக்கற மாதிரி இருக்கு. காலையில அருவாமனையில சங்கரா மீனை ஆய்ஞ்சுக்கிட்டே அவன் பொண்டாட்டி பெர்னதெத் சொன்னது ரெண்டு வரிதான். "கடற்கரையில ஏதோ குழாய் வச்சிருக்காங்களாமே, அதுல பேசினா ரீயூனியன் தீவுல கேக்குதாம், அங்கேருந்து ஆளுங்க பதில் சொல்றாங்களாம், எதிர்வீட்டு செலின் போய்ப் பேசிட்டு வந்திருக்கு." சொல்லிட்டு மீனோட செவுளைப் பிச்சுப் போட்டா. நிமிரல. "நானும் ஒரு எட்டு போய்ட்டு வரலாம்னு பாக்கறேன்." அதுக்கு இவன் என்ன சொல்லியிருக்கணும், போயேன்னு சொல்லியிருக்கலாம், அந்த வெயில்லயான்னு கேட்டிருக்கலாம், ரெண்டும் இல்லாம, "எனக்கு வில்லியனூர்ல புரோகிராம் இருக்கு, காதுகுத்து"ன்னான். யாரும் கேக்காத கேள்விக்கு முந்தி விழுந்த பதில். மேடையில எவனாவது இப்படி முந்தினா, தம்பி நீ வேற வேலை பாருன்னு சொல்லி அனுப்பறவன் சவரி. அவ யாரு வீட்டுக் காதுகுத்துன்னுகூடக் கேக்கல. மீனைத் திருப்பிப் போட்டா, அவ்வளவுதான்.

ரீயூனியன்ல இருந்து பதில் சொல்றது இவன்தான். அதை ஊருக்குச் சொல்ல முடியாது. பழைய துறைமுகக் கிடங்கு ஒண்ணுல, வவ்வால் நாத்தத்துக்கும் உப்புக் காத்துக்கும் நடுவுல, ஒரு டேபிள் ஃபேனு, ஒரு ஃபிளாஸ்க் டீ, ஒரு மைக்கு, ஒரு சிவப்பு பல்பு. வெளிய குழாய் முன்னால யாராவது வந்து நின்னா பல்பு எரியும். எரிஞ்சா இவன் வேற தேசத்துக்காரன். அந்தக் குழாய் இருக்கே, அது லேசுப்பட்டதில்ல. பழைய கப்பலோட மேல்தட்டுல கழுத்தை வளைச்சுக்கிட்டு வாயைப் பொளந்து நிக்குமே, கீழ்த்தட்டுக்குக் காத்து இறக்கற குழாய், அதே வடிவத்துல ஒரு ஆள் உயரத்துக்குச் செம்புல அடிச்சுக் கடலைப் பாத்து நிறுத்தியிருந்தாங்க. உடம்பு பூரா பேருங்க. இந்தக் கரையில இருந்து கரும்பு வெட்டறதுக்குன்னு ஏத்திக்கிட்டுப் போன ஜனங்க பேரு, அந்தக் காலத்து வெள்ளைக்கார குமாஸ்தா காதுல விழுந்தபடிக்கு ஒடிச்சும் நசுக்கியும் எழுதினது. இதே மாதிரி இன்னொரு குழாய் அந்தத் தீவுல, அவங்க துறைமுகத்துல. ரெண்டு ஊரையும் இது சேர்த்து வைக்குதுன்னு திறப்பு விழாவுல எல்லாரும் பேசினாங்க. செஞ்சவ அந்தத் தீவுக்காரி, பேரு வலேரி சின்னாப்புலே. நம்ம சின்னப்பிள்ளைதான், கப்பல்ல போய் அப்படி ஆயிருக்கு. விழாவுக்குத் தொகுப்பாளர் சவரி. பக்கத்துல நின்னப்ப அவ பிரெஞ்சுல ஒண்ணு சொன்னா, பாதி காதுல புரிஞ்சுது, மீதி அவ கையைப் பாத்துப் புரிஞ்சுது. கீழ்த்தட்டுல அடைஞ்சு கிடந்தவங்களுக்கு வானம்னா இந்தக் குழாயோட வாய்தான். மூச்சும் இதுவழியாத்தான் இறங்கும். கரையில நின்னு கத்தினவங்க குரலும் இறங்கியிருக்கும். ஆனா அவங்க திருப்பிக் கத்தினது மேல வந்திருக்காது, காத்து ஒரு பக்கமாத்தான் போகும். "நாலு தலைமுறையா நாங்க பதில் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம் முசியே, அனுப்ப வழி தெரியல." சொல்லிட்டு அவ கண்ணைத் துடைச்சா. சவரிக்கு அந்த நேரத்துல ஒரு ஜோக் வந்துச்சு. நல்ல ஜோக்கு. சொல்லல. ஏன் சொல்லலன்னு இப்பவரைக்கும் யோசிக்கறான், தொண்டையில வந்த ஜோக்கை அவன் முழுங்கினது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் நிஜமாவே வேலை செஞ்சுது. அப்புறம் அந்தத் தீவுல புயல் அடிச்சு, அந்தப் பக்கத்துக் குழாய் தலைகுப்புற சாஞ்சு, வலேரி பதறிக்கிட்டு ஊருக்குப் பறந்துட்டா. இங்க விழா கமிட்டிக்காரன் திவாகர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு வந்தான். "சவரிண்ணே, ஞாயித்துக்கிழமை பெரிய இடத்து ஆளுங்க வராங்கண்ணே. குழாய் ஊமையாயிடுச்சுன்னா என் மானம் போயிடும். நீங்க உள்ள உக்காந்து ரெண்டு குரல் விட்டீங்கன்னா..." "எந்த ஊர் குரல்டா?" "ரீயூனியன் குரல்தாண்ணே." "அது எப்படிடா இருக்கும்?" "அது இங்க யாருக்குண்ணே தெரியும்?" அந்தப் பயலுக்கும் டைமிங் இருக்கு. சவரி சிரிச்சுட்டான், சிரிச்சதால ஒத்துக்கிட்டான். ஞாயிறு போயி மறுபடி சனிக்கிழமை வந்தாச்சு, குழாய் இன்னும் பேசுது. மூணு ஆளை உண்டாக்கி வச்சிருக்கான். ஒருத்தன் ழொசெஃப், கரும்புக் காட்டுல முதுகு ஒடிஞ்ச கிழவன், ரிட்டையரான பங்குச் சாமியார் ஒருத்தரோட மூக்கையும் ஒரு மீன் ஏலக்காரனோட தொண்டையையும் சேர்த்துப் பிசைஞ்ச குரல். ஒருத்தி மரி-க்ளேர், ஸ்கூல் டீச்சர், வாக்கியத்தோட கடைசியை மேல தூக்கி விட்டுடுவா. இன்னொருத்தன் பேர் வைக்காத வாலிபன், அவசரக்காரன், இப்பத்தான் கடலுக்குப் போய்ட்டு வந்தேன்னு சொல்லிட்டுப் போயிடுவான். ஆனா ஜனங்களை நம்ப வச்சது குரல் இல்ல. நடுவுல விடற இடைவெளி. கேட்டவுடனே பதில் சொன்னா பக்கத்து வீடு. ஒரு மூச்சு விட்டுச் சொன்னா சென்னை. ரெண்டு மூச்சு விட்டு, யாரோ சமுத்திரத்தை இழுத்து விடற மாதிரி ஒரு 'ஆங்' போட்டுச் சொன்னாத்தான் ரீயூனியன். "எம்மாந்தூரத்துலேருந்து வருது பாரு"ன்னு வெளிய மூக்கு மேல விரல் வச்சுப் பேசிக்கறது இவனுக்கு ஹெட்போன்ல கேக்கும்.

பல்பு எரிஞ்சுது. ஒரு ஆம்பிளைக் குரல், தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஹலோ, அங்க மழையா?" ரெண்டு மூச்சு. "ஆங், மழைதான் தம்பி, போன வாரம் புயல்." இது ஒண்ணுதான் நிஜம். "அங்க இட்லி கிடைக்குமா?" "கிடைக்கும், ஆனா அதுக்கு வேற பேரு." வெளிய சிரிப்பு. அப்புறம் ஒரு பொம்பிளை, "எங்க கொள்ளுத் தாத்தா பேரு ராயப்பன், கப்பல்ல போனவரு, அவரு வம்சம் யாராவது இருக்கீங்களா?" நேத்து வரைக்கும் சவரி, இருக்கோம்மா, ராயப்பன் வம்சம் நாங்கதான்னு மரி-க்ளேர் குரல்ல அள்ளி விட்டுடுவான். அந்தப் பொம்பிளைங்க அழுவாங்க. நேத்து ஒரு அம்மா, குழாயோட வாய்க்கு முத்தம் வச்சுட்டுப் போச்சு, அந்தச் சத்தம் ஹெட்போன் வழியா இவன் காதுமடல்லயே விழுந்துச்சு. இன்னிக்கு, "தேடிப் பாக்கறோம்மா"ன்னு மட்டும் சொன்னான். செலின் வந்தப்பவும் இப்படித்தான், அது பேசறதுக்கு முன்னாடி நெத்தியில சிலுவை போட்டுக்கிச்சு, "தந்தை, மகன்"ன்னு முணுமுணுப்பு கேட்டுச்சு. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு முன்னால முட்டி போட்டுப் பழகின ஜனம், எங்க ஓட்டை இருந்து உள்ள இருட்டா இருந்தாலும் சிலுவை போட்டுக்கும். அப்ப உள்ள உக்காந்திருக்கற நான் யாரு, சாமியாரான்னு நினைச்சுக்கிட்டான். சாமியாரா இருந்தாலும் கேட்டதை வெளிய சொல்லக்கூடாது. சொல்லாம வச்சுக்கறதுல நமக்கு என்ன பஞ்சம்.

அந்துவான் சொன்னதை யார்கிட்ட சொன்னான் இவன்? பக்கத்துத் தெரு அந்துவான், அந்தத் தீவுல வேலையில இருக்கறவன், போன வருஷம் லீவுல வந்தப்ப சாராயக்கடை வாசல்ல வச்சுச் சொன்னான், சொல்லலாமா வேணாமான்னு சுத்திச் சுத்தி வந்துட்டுச் சொன்னான். "உன் புள்ளையைப் பாத்தேன் சவரி. சூப்பர் மார்க்கெட்டுல. நல்லாத்தான் இருக்கான். தடிச்சிருக்கான். நான் ரெமின்னு கூப்பிட்டேன், பாத்தான், பாத்துட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கிட்டான். தெரியாதவன் மாதிரி." அலமாரியில என்ன இருந்துச்சுன்னு கேட்டான் சவரி. அந்துவான் முழிச்சான். "என்னய்யா கேக்கற?" "இல்ல, எந்தப் பக்கம் திரும்பினான், சோப்பா, பிஸ்கட்டா?" ஏன் அப்படிக் கேட்டோம்னு இப்பவும் தெரியல. என்னமோ அது தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சுடும் மாதிரி. இன்னிக்கும் கண்ணை மூடினா ரெமி திரும்பிக்கிட்டு நிக்கறான், முன்னால அலமாரி காலியா இருக்கு, இவன்தான் அதுல ஒவ்வொரு சாமானா எடுத்து அடுக்கறான், சோப்பு, பிஸ்கட்டு, மெழுகுவத்தி, கொசுவத்தி, அடுக்கி முடிக்கறதுக்குள்ள பையன் போயிடறான். சண்டை கிடையாது. பணம் காசு தகராறு கிடையாது. பொண்ணு விஷயம்னு ஒண்ணு இருந்தாலாவது பிடிச்சுக்கிட்டுத் தொங்கலாம், அதுவும் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால ஓட்டல் வேலைக்குப் போனான், முதல் வருஷம் வாரா வாரம் பேசினான், அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் நம்பர் மாறிடுச்சு. செத்துப்போனவனுக்குக் கல்லறை இருக்கு, நவம்பர் மாசம் போய்ப் பூ வைக்கலாம். தடிச்சுப் போயி உசுரோட திரும்பிக்கிட்டவனுக்கு எங்க போய்ப் பூ வைக்கறது?

ஏர்போர்ட்டுல அந்தக் கண்ணாடிக் கதவு. அங்கதான் நினைப்பு போய்ப் போய் மாட்டிக்குது, சட்டை ஆணியில மாட்டின மாதிரி. பெர்னதெத் முறுக்கு டப்பாவை எட்டாவது தடவையா பையில திணிச்சுக்கிட்டிருந்தா. மச்சினன், சித்தி பசங்க, எல்லாரும் சுத்தி. ரெமி பக்கத்துல வந்து, சத்தமில்லாம, "அப்பா, ஒரு தடவை உன் குரல்ல பேசேன்"னான். "என்னடா?" "உன் குரல்ல. சும்மா. போய்ட்டு வாடான்னு சொல்லு." சவரி வாயைத் திறந்தான். எல்லாரும் பாக்கறாங்க. ஒரு மூச்சு விட்டான், சரியா ஒண்ணு, அப்புறம் மூக்கைக் கையால பிடிச்சுக்கிட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, முத்தியால்பேட்டை முறுக்கு டப்பாவுடன் செல்லும் ரெமி சவரிநாதன் உடனே நான்காவது வாயிலுக்கு"ன்னு ஆரம்பிச்சான். சித்தி பசங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. பக்கத்துல நின்ன போலீஸ்காரன் சிரிச்சான். ரெமியும் சிரிச்சான். தோளைக் குலுக்கி, ஒரு மூச்சை உள்ள இழுத்து, நடுவுல உடைஞ்சு வெளிய வர்ற அவன் சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டான். அதுல என்ன தப்பு, அதுல ஒரு தப்பும் இல்ல, புள்ளை சிரிச்சுக்கிட்டுத்தானே போனான். ஆனா சவரிக்கு அன்னிக்கு நிஜமாவே தெரியல, எது தன் குரல்னு. சாம்பார்ல உப்பு இல்லன்னா பழைய சினிமா வில்லன் குரல்ல கேப்பான். பையன் மார்க்கு குறைச்சா ஹெட்மாஸ்டர் குரல்ல திட்டுவான். பெர்னதெத்தைக் கட்டிக்கறியான்னு கேட்டதே ரேடியோவுல வயலும் வாழ்வும் நிகழ்ச்சிக்காரர் குரல்ல, உரம் போடறதைப் பத்திப் பேசற மாதிரி, அவ சாக்கடையில விழப் பாத்தா சிரிச்சு. சொந்தக் குரலை எங்கயோ இளவயசுலயே ஒரு பெஞ்சு மேல வச்சுட்டு வந்துட்டான், திரும்பப் போயித் தேடல, தேவைப்படல.

பல்பு. ஒரு சின்னப் பொண்ணு, "அங்க யானை இருக்கா?" ரெண்டு மூச்சு. "யானை இல்லம்மா. எரிமலை இருக்கு." "அய்யோ, சுடாதா?" "பழகிடுச்சு." பல்பு அணைஞ்சுது. டீ ஆறிடுச்சு, குடிச்சான், தொண்டை கரகரன்னுது. இந்தத் தொண்டை போன கிறிஸ்மஸ்ல பிடிச்சுது, இன்னும் விடல. அன்னிக்கு மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால உக்காந்து, இன்னொரு சிம் போட்ட போன்ல, வீட்டு நம்பரை அழுத்தி, மூக்கைக் கொஞ்சம் அடைச்சு, பேசறதுக்கு முன்னால ஒரு சின்ன 'ம்' போட்டு, "அம்மா"ன்னான். ரெமி அப்படித்தான் ஆரம்பிப்பான். கீழ ஹால்ல அவ எடுத்தா, இவனுக்கு ரெண்டு வழியா கேட்டுச்சு, போன் வழியா ஒண்ணு, மாடிப்படி வழியா ஒண்ணு. "சொல்லுடா ரெமி, சாப்பிட்டியா?" அதுக்கு முந்தின வருஷம் முதல் தடவை பண்ணப்ப ஒரே ஒரு தடவைதான்னு நினைச்சான். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவ சாமி படத்துக்கு முன்னால உக்காந்தவ எழுந்திரிக்கல, கேக் செய்யல, பாக்க முடியல, மாடிக்குப் போனான். இறங்கி வந்தப்ப அவ அடுப்படியில கேக்குக்கு முட்டை அடிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் ஈஸ்டர், அப்புறம் அவ பேர் கொண்ட புனிதையோட திருநாள், அப்புறம் மறுபடி கிறிஸ்மஸ், வலையில கால் வச்ச நண்டு மாதிரி, ஒரு காலை எடுத்தா இன்னொண்ணு மாட்டுது. எல்லாம் வரும் அந்தக் குரல்ல, சளி பிடிச்ச ரெமி, தூக்கக் கலக்க ரெமி, அவசர ரெமி. சிரிப்பு மட்டும் வராது. ஆயிரம் பேரு சிரிப்பைச் செஞ்ச வாய், அந்தச் சிரிப்புக்குப் போனா ஒட்டிக்கும். "ஏன்டா இப்பல்லாம் சிரிக்கவே மாட்டேங்கற"ன்னு ஒரு தடவை போன்ல கேட்டா. "வேலைம்மா, டயர்டு"ன்னு சமாளிச்சான். போன கிறிஸ்மஸ்ல பனியில உக்காந்து பேசி, குரல் கட்டிப்போயி இறங்கி வந்தா, டம்ளர்ல மிளகுப் பால் சுடச்சுட மேசை மேல இருந்துச்சு. "யாருக்கு?" "உங்களுக்குத்தான், குடிங்க." குடிச்சான். நல்ல பொம்பிளை, பண்டிகையும் அதுவுமா பால் போட்டு வச்சிருக்கான்னு மட்டும் நினைச்சான். இருமல் சத்தம் அவளுக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு நினைக்கல.

வெயில் சாயற நேரம், கிடங்குச் சுவர் ஓட்டை வழியா ஒரு மஞ்சக் கோடு மைக்கு மேல விழுந்துச்சு. சரி, ஒருவேளை வந்துட்டா? வந்து, எம் புள்ளை ரெமி உங்க ஊர்ல இருக்கான், பாத்தீங்களான்னு கேட்டா? மரி-க்ளேர் குரல்ல, பாத்தேன், நல்லா இருக்கான், உங்களைத்தான் விசாரிச்சான்னு சொல்லலாம். ரொம்ப சுலபம், மூணு வார்த்தை, ரெண்டு மூச்சு. அவ அதைத் தூக்கிக்கிட்டுப் போயி இன்னும் ரெண்டு வருஷம் முட்டை அடிப்பா. இல்லன்னா, இல்லன்னா நிஜத்தைச் சொல்லிடலாம். இவன் சொன்னா அவ செத்துடுவா, இவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு அதை எப்படித் தாங்குவா, ஆனா இவன் சொல்லப்போறதில்லயே, ழொசெஃப் கிழவன்தானே சொல்லப்போறான், கண்ணுக்குத் தெரியாத ஒரு அந்நியன், கடலுக்கு அந்தப் பக்கம். பாத்தேம்மா. நல்லா இருக்கான். ஆனா பேசமாட்டான். காத்திருக்காதே. அவ்வளவுதான். அதுக்கப்புறம் சாயங்காலம் வில்லியனூர் காதுகுத்துல இருந்து திரும்பி வர்ற மாதிரி வீட்டுக்குப் போயி, என்னடி ஆச்சுன்னு கேட்டு, அவ அழுதா பக்கத்துல உக்காந்துக்கலாம். குண்டு போட்டவனும் நானே, கட்டுப் போடறவனும் நானே. சவரி அந்த வாக்கியத்தை ஒத்திகை பாத்தான், உதட்டை மட்டும் அசைச்சு. பேசமாட்டான்ங்கறதுக்கு முன்னால எவ்வளவு நிறுத்தணும்? ரெண்டு மூச்சு பத்தாது. மூணு. மூணாவதுல கேக்கறவங்களுக்கே தெரிஞ்சுடும், அப்புறம் வார்த்தை சும்மா வந்து விழுந்தாப் போதும், அடி அதுக்கு முன்னாலயே பட்டிருக்கும். இப்படிக் கணக்குப் போடறோமேன்னு தோணி, கையால வாயைப் பொத்திக்கிட்டான். வரமாட்டா. முட்டி வலி. சங்கரா மீன் குழம்பு கொதிச்சிருக்கும், படுத்திருப்பா.

பல்பு எரிஞ்சுது. டொக் டொக்.

செம்புல விரல் மோதிரத்தால ரெண்டு தட்டு. பாத்ரூம் கதவானாலும், கோயில் கூண்டானாலும், புருஷன் தூங்கற அறையானாலும் உள்ள நுழையறதுக்கு முன்னால ரெண்டு தட்டு தட்டறவ இந்த ஊர்ல ஒருத்திதான். மூச்சு வாங்கறது கேட்டுச்சு, நடந்து வந்த மூச்சு. "போன்ழூர் அண்ணே. கேக்குதா?" இவன் வாய் தானா வேலை செஞ்சுது, முப்பது வருஷப் பழக்கம், மாடு பாதை தெரிஞ்சு போற மாதிரி. ரெண்டு மூச்சு. ழொசெஃப் கிழவன். "ஆங், கேக்குதும்மா. சொல்லு." "எம் பையன் உங்க ஊர்லதான் இருக்கான். ரெமின்னு பேரு. ஓட்டல்ல வேலை." ஒண்ணு. ரெண்டு. மூணாவது மூச்சை இழுத்தான், வாக்கியம் நாக்கு மேல தயாரா இருந்துச்சு, பாத்தேம்மான்னு 'பா'வுக்கு உதடு ஒட்டிக்கிச்சு, அவ முந்திக்கிட்டா. "தேடச் சொல்லி வரல அண்ணே. அவன் நல்லா இருக்கான்னு தெரியும். தடிச்சிருக்கானாம். அந்துவான் என்கிட்டயும் சொன்னான், அவனால வயித்துல வச்சுக்க முடியுமா." வெளிய அலை ஒண்ணு வந்து கல்லு மேல மோதினது அவ குரலுக்குப் பின்னால கேட்டுச்சு, அதே அலை கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டுச்சு. "ஒரு சேதி மட்டும் சொல்லணும் அண்ணே. பண்டிகைக்குப் பண்டிகை எனக்கு ஒரு போன் வருது. அது இனிமே வேணாம்னு சொல்லிடுங்க. பனி நேரத்துல மொட்டை மாடியில உக்காந்தா அவருக்கு ஆகறதில்ல. தொண்டை கட்டி மூணு மாசமாச்சு, மிளகுப் பாலுக்கும் கேக்கல. நானும் மாடிப்படி விளக்கைப் போட்டு வைக்கறேன், தடுக்கி விழுந்துடப் போறாரேன்னு, அதைக்கூட யாரு போட்டாங்கன்னு அவரு யோசிச்சதில்ல."

கியூவுல யாரோ, "என்னம்மா சொல்றீங்க, ஒண்ணும் புரியல, சீக்கிரம் பேசுங்க, பின்னால ஆள் நிக்கறோம்"னாங்க. அவ அதைக் காதுல வாங்கல. குழாய்க்குள்ள இன்னும் கிட்ட வந்திருப்பா போல, குரல் சின்னதா, சூடா, கன்னத்துக்குப் பக்கத்துல வந்துச்சு. "முதல் தடவை நானும் புள்ளைதான்னு நம்பிட்டேன். பொய் சொல்லக்கூடாது, அந்த ஒரு நாள் நம்பினேன், கேக் எல்லாம் செஞ்சேன். அப்புறம் பாத்தா சிரிக்கவே காணோம். எம் புள்ளை சிரிக்காம ஒரு வார்த்தை பேசமாட்டான். அப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது அண்ணே, அந்த மனுஷன் குளிர்ல உக்காந்து அவ்வளவு பாடுபட்டுக் கூப்பிடறாரு, நான் எடுத்து ஒரு வார்த்தை பேசாம இருந்தா நல்லாவா இருக்கும். சாப்பிட்டியாடான்னு கேட்டேன். அவரும் சாப்பிட்டேம்மான்னாரு. அன்னிக்கு ராத்திரி அவரு நிஜமாவே சாப்பிடல." ஒரு சின்னச் சத்தம், சிரிப்பா அழுகையான்னு தெரியாத சத்தம், எல்லார் சத்தத்தையும் பிரிச்சுச் சொல்றவனுக்கே தெரியல. "போதும்னு சொல்லுங்க. புள்ளை குரலு வேணாம். கிழவன் குரல், டீச்சர் குரல் ஒண்ணும் வேணாம். அவரு குரல்ல ஒரு தடவை பெர்னான்னு கூப்பிடச் சொல்லுங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கேட்டதில்ல."

இப்ப பதில் வரணும். ஒரு மூச்சு போச்சு. ரெண்டு போச்சு, சமுத்திரம் தாண்டற தூரம் போச்சு. சவரி வாயைத் திறந்தான், ழொசெஃப் வந்தான், அவனைத் தள்ளினான், மரி-க்ளேர் எட்டிப் பாத்தா, வில்லன் வந்தான், ஹெட்மாஸ்டர் வந்தாரு, ரேடியோக்காரர் உரமூட்டையோட வந்தாரு, ஏர்போர்ட் அறிவிப்புக்காரி மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தா, கடைசியில ரெமி வந்தான், ஒரு சின்ன 'ம்' போட்டு, வந்து நின்னு, அலமாரிப் பக்கம் திரும்பிக்கிட்டான். ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பினான். அனுப்ப அனுப்பத் தொண்டை காலியாகிக்கிட்டே போச்சு, வித்துட்டுப் போன வீடு மாதிரி, காலடி வச்சா எதிரொலிக்கற வீடு. அதுக்குள்ள நின்னுக்கிட்டு எந்தப் பக்கம் கூப்பிடறதுன்னு தெரியல. பெ-ங்கற எழுத்துக்கு உதடு ஒட்டுது, பிரியமாட்டேங்குது. மூணு, நாலு, அஞ்சு. மேடையில இவ்வளவு நேரம் விட்டா கல்லால அடிப்பாங்க. வெளிய சலசலப்பு. "லைன் கட்டாயிடுச்சு போல." "புயல்ல ஒயர் அறுந்திருக்கும்." "அம்மா, தள்ளுங்கம்மா, அவங்க போயிட்டாங்க." திவாகர் குரல் தூரத்துல பதறிக்கிட்டு ஓடி வருது, சின்ன டெக்னிக்கல் பிராப்ளம், ரெண்டு நிமிஷம்னுக்கிட்டு.

"கட் ஆகல"ன்னா பெர்னதெத். அவங்களைப் பாத்துத்தான் சொன்னா, ஆனா வாயைக் குழாயை விட்டு எடுக்கல. "இருக்காரு. மூச்சு கேக்குது."

சவரி ஹெட்போனோட இன்னொரு பக்கத்தையும் இழுத்து மத்த காதுல வச்சான். கேட்டுச்சு. ரெண்டு மூச்சு. ஒண்ணு நடந்து வந்து இளைக்கற மூச்சு. இன்னொண்ணு யாருதுன்னு அவனுக்கு அடையாளம் தெரியல, கரகரன்னு, திக்கித் திக்கி, யாரையும் போல இல்லாம இருந்துச்சு.

"அவசரமில்ல"ன்னா அவ. "நான் நிக்கறேன்."